பசியில்லாத நான்கு மணி

பெப்ரவரி 23, திங்கள்

நான் கோயிலில் மயங்கி விழவில்லை. உட்கார்ந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

நேற்று இரண்டாம் பூசையில் நற்செய்தி வாசிக்க எல்லோரும் எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். தலை தூணில் சாய்ந்தது. அவ்வளவுதான். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஜெசிந்தா வாஸ், "கொரைரா ஆன்ட்டி விழுந்துட்டாங்க" என்று பீடம் வரைக்கும் கேட்கும்படி சொன்னாள். மாதா சபைத் தலைவி என்பதால் அவள் குரலுக்கு எப்போதும் மைக் தேவைப்படுவதில்லை. தன் கைப்பையிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்துப் பல்லால் கிழித்து, என் வாயைத் திறந்து கொட்டினாள். அவள் எச்சில் பட்ட பொட்டலம், கழுவாத கை. நற்செய்தி நேரத்தில் உதடெல்லாம் வெள்ளைத் தூளோடு நான் உட்கார்ந்திருந்தேன். நினைத்தாலே குமட்டுகிறது. கோயிலுக்குள் துப்பக்கூடாது என்பதால் விழுங்கினேன்.

பிறகு எதிர்த்தெரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார்கள். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்து, எண்ணை என் காதில் மட்டும் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை. வெளியே வந்ததும் ஜெசிந்தா, "சீனி ரொம்பக் கொறஞ்சிட்டோ ஆன்ட்டி? ஒருசந்தி இருந்தா அப்படித்தான்" என்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. மௌனத்தை அவளே தன் விருப்பப்படி எடுத்துக்கொண்டாள்.

இன்று காலைக்குள் ஊரே பேசுகிறது. எழுபத்தாறு வயதில் தவக்காலம் முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்து நோன்பிருக்கிறேனாம். விபூதிப் புதன் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. தண்ணீர் மட்டும் என்று யார் சொன்னது? நான் இருப்பது ஒருசந்தி. மத்தியானம் ஒரு சாப்பாடு, காலையும் இரவும் கொஞ்சம் கஞ்சி. அறுபது தாண்டியவர்களுக்குத் திருச்சபை விலக்கு அளித்திருக்கிறது என்பதும் தெரியும். கான்வென்ட் போர்டிங்கில் மதர் பெர்னதெத் கற்றுக்கொடுத்த நாள் முதல் தவறவிட்டதில்லை. அதற்காகப் புனிதை ஆக்க வேண்டியதில்லை.

பெப்ரவரி 25, புதன்

முத்துக்கனி குளியலறையைக் கழுவப் போனவள் துடைப்பத்தோடு திரும்பி வந்தாள்.

"யம்மா, கக்கூஸ் கோப்பையச் சுத்தி எறும்பு சாரசாரையாப் போவுது. எங்க மாமியாளுக்கு இப்படித்தான் இருந்திச்சு. சீனி ஏறிட்டுன்னு அர்த்தம்."

"பினாயில் ஊற்று" என்றேன்.

"பினாயில் ஊத்துனா எறும்பு போவும். சீனி போவுமா?"

வேலைக்கு வந்த இடத்தில் வைத்தியம் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே போனாள். நான் போய்ப் பார்த்தேன். சிவப்பு எறும்புகள், பீங்கான் விளிம்பில் அவ்வளவு ஒழுங்காக வரிசை கட்டி. என் உடம்பிலிருந்து வெளியேறும் ஒன்றுக்கு இவ்வளவு விருந்தாளிகள். பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

பெப்ரவரி 27, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். மண்டியிடவில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முடிவில் ஃபாதர் ததேயு பேசும்போது, "நம்ம பங்குல ஒரு தாயார் இந்த வயசுல நோன்பிருந்து கோயில்லயே மயங்கி விழுந்தாங்க. வாலிபப் பிள்ளைகள் மொபைலக்கூட ஒரு நாள் ஒதுக்க மாட்டேங்குறீங்க" என்றார். எல்லாத் தலைகளும் திரும்பின. எழுந்து திருத்தியிருக்க வேண்டும். குருவானவர் பேசும்போது குறுக்கிடுவது முறையல்ல.

மகள் டெல்பினுக்கு அனுப்ப ஒரு பெட்டி மக்ரூன் வாங்கினேன். கோயம்புத்தூரில் இது கிடைக்காது. அங்கே மக்ரூன் என்று விற்பது வேறு ஏதோ. முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் முந்திரிப்பருப்பும் தூத்துக்குடி ஈரக்காற்றில்தான் இப்படிச் சேரும் போலிருக்கிறது. ஒரே கடையில் அடிக்கடி வாங்குவது நாகரிகமில்லை என்பதால் இந்த முறை பழைய துறைமுகம் பக்கம் போய் வாங்கினேன். "வெளியூருக்கு, நல்லா பேக் பண்ணுங்க" என்று சொன்னேன்.

நான்கு மணிக்கு டீ போட்டபோது, அனுப்பும் முன் பதம் பார்க்கலாம் என்று பிரித்தேன். மேலடுக்கு ஏற்கெனவே பிசுபிசுத்துவிட்டது. அனுப்பும் தரத்தில் இல்லை.

மார்ச் 1, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது. இது நான் வகுத்த விதியல்ல.

மார்ச் 4, புதன்

டெல்பின் போனில் கூப்பிட்டாள். நான் கோயிலில் விழுந்தேன் என்ற பேச்சு அவள் காது வரைக்கும் போயிருக்கிறது.

"மம்மி, ஒங்களுக்குச் சுகர் இருக்கு. எதுக்கு ஒருசந்தி? ஃபாதரே வேண்டாம்னு சொல்லுவாரு."

"ஃபாதர் பிரசங்கத்தில் பாராட்டினார்."

"அவருக்கென்ன. மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களா?"

போடுகிறேன் என்றேன். பிறகு அவள், "எத்தன நாளாச்சு மம்மி நம்ம ஊர் மக்ரூன் சாப்பிட்டு. போன கிறிஸ்மசுக்கு நான் வந்தப்ப வாங்கினதுதான். பிள்ளைங்க கேக்குறாங்க" என்றாள்.

தபால்காரர்களின் நேர்மை இந்தக் காலத்தில் மிகவும் குறைந்துவிட்டது என்று சொன்னேன். "சரி மம்மி" என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 6, வெள்ளி

புதுச் செருப்பு வலது கால் சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. வலி இல்லை. சாக்ஸில் மஞ்சளாக ஒரு கறை இருந்ததால்தான் கவனித்தேன். மஞ்சள் தூள் வைத்தேன். வெள்ளைச் சாக்ஸை நானே துவைத்தேன். முத்துக்கனி பார்க்க வேண்டியதில்லை.

மார்ச் 9, திங்கள்

விரல் வீங்கியிருக்கிறது. இன்றும் வலி இல்லை. ஆனால் வாடை இருக்கிறது. பஞ்சால் துடைத்துவிட்டுக் கையை சோப்பில் கழுவிய பிறகும் நகக்கணுவில் அந்த வாடை தங்கிவிட்டது. அழுகிய கருவாடு மாதிரி என்று எழுதலாம், ஆனால் கருவாட்டை ஆசைப்பட்டுச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களிடம் அசுத்தத்தைக் கண்டுபிடித்த மூக்கு இது. ஜெசிந்தாவின் மருமகன் மீன்குழம்பை முழங்கை வரை வழியவிட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து அந்த வீட்டு விருந்துக்கே போவதை நிறுத்தினேன். இப்போது போர்வைக்கு அடியிலிருந்து எனக்கே என் வாடை வருகிறது.

மார்ச் 10, செவ்வாய்

சீனி வியாதி டாக்டரிடம் போனேன். பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த அறையில் இருப்பவர் டாக்டர் மெஹ்ருன்னிசா, காயல்பட்டினத்துப் பெண். மகள் வயதுகூட இருக்காது. ரம்ஜான் நோன்பிலிருந்தார். உதடு காய்ந்திருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

சாக்ஸைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். கையுறை போட்டு விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. அந்தப் பயிற்சி எனக்குப் பிடித்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லை."

"வலிச்சா நல்லது. நரம்பு செத்துப் போச்சு, அதான் வலிக்கல." ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். "ஒருசந்தி இருக்குறவங்களுக்கு இந்த எண் வராதும்மா. என்ன சாப்பிடுறீங்க?"

கஞ்சி, ஒரு வேளைச் சோறு, மீன், கீரை என்று சொன்னேன். எல்லாம் உண்மை.

"அதுக்கு நடுவுல?"

நான் சுவரிலிருந்த குடல் படத்தைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. கடைசியில் நான், "ஞானோபதேசத்தில் அதற்குப் போசனப்பிரியம் என்று பெயர். ஏழு தலையான பாவங்களில் ஒன்று. உங்களிடம் சொல்ல வேண்டியதில்லை, குருவானவரிடம் சொல்ல வேண்டியது" என்றேன்.

"பாவம்னே வச்சுக்குவோம். அதுக்கு ஒரு நேரம் இருக்குமே. எப்போ?"

"நான்கு மணி."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு எனக்கு என் மீதே கோபம் வந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் நோன்புல இருக்கேன். மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் பசி உச்சத்துல இருக்கும். அப்போ வாய் ஊறாது. சாயங்காலம் ஆறு மணி தாண்டுச்சுன்னா ஊறும். வயிறு சொல்லி ஊறலை, கடிகாரம் சொல்லி ஊறுது. மூளையில டோபமைன்னு ஒரு ரசாயனம் இருக்கு. அது ருசியக் குடுக்குறதுன்னு எல்லாரும் நெனைப்பாங்க. அதோட முக்கிய வேலை வேற. 'போ, எடு'ன்னு பின்னாடி நின்னு தள்ளும். மொதல்ல இனிப்பு நாக்குல பட்டாத் தள்ளும். பழகுனா பெட்டியப் பாத்தாலே தள்ளும். இன்னும் பழகுனா மணியப் பாத்தாலே போதும். ஆனா சாப்பிடும்போது கெடைக்கிற சந்தோஷம் மட்டும் கொறஞ்சுக்கிட்டே வரும். வேணும்ங்கிறது ஏறும், பிடிக்குதுங்கிறது எறங்கும். உங்களுக்கு அது இன்னும் பிடிக்குதா?"

கேள்வி மிகவும் அந்தரங்கமானது என்று சொன்னேன்.

"சரி. ஒருசந்திய விட்டுடுங்க."

"அது நோன்பு. இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

"இருக்கும்மா. நாள் முழுக்கக் காயப்போட்டு, நேரம் தவறாம, அளவு தவறாமக் குடுக்குறீங்க. ஒரு மிருகத்தப் பழக்குறதுன்னா அப்படித்தான் பழக்குவாங்க. உங்கள மாதிரி ஒழுங்கானவங்களுக்குத்தான் இது கெட்டியாப் பிடிக்கும். ஒழுங்கில்லாதவன் ஒரு நாள் மறந்துருவான்."

இப்படி ஒரு அவமதிப்பை என் வாழ்நாளில் கேட்டதில்லை. என் ஒழுங்கைக் குறை சொல்ல இந்த ஊரில் ஒருவருக்கும் வாய் வந்ததில்லை. ரசாயனத்தின் மேல் பழி போடுவது சோம்பேறிகளின் சாக்கு என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர், "சாக்கு இல்லம்மா. வாசல் எங்க இருக்குன்னு தெரிஞ்சாத்தான பூட்ட முடியும்? வியாழக்கிழமை டிரெசிங்குக்கு வாங்க. விரல் கறுத்தா எடுக்க வேண்டி வரும்" என்றார்.

இன்சுலின், மாத்திரைகள், களிம்பு.

மார்ச் 11, புதன்

மனவலிமை உள்ளவளுக்கு ரசாயனம் தேவையில்லை என்று காட்டுவதற்காக, தையல் மிஷின் டிராயரில் இருந்த பெட்டியை எடுத்துக் கொல்லைப்புறக் குப்பை வாளியில் போட்டேன். முத்துக்கனி காலையில் சாளை மீன் கழுவியிருந்தாள். செதிலும் குடலும் மேலே கிடந்தன. ஈ மொய்த்தது. பெட்டியை அதன் நடுவில் அழுத்திவிட்டு மூடியைச் சாத்தினேன். கை கழுவினேன். மணி மூன்று.

பெட்டியின் அடி மட்டும்தான் நனைந்திருந்தது.

மார்ச் 12, வியாழன்

நேற்றைய கடைசி வரியை அடித்துவிட நினைத்தேன். நான் நாட்குறிப்பில் அடித்தல் திருத்தல் செய்வதில்லை.

பொது அறிவுக்காக எழுதுகிறேன்: மக்ரூனில் மீன் வாடை ஏறினால் முந்திரியின் வாசனை போய்விடும். இனிப்பு மட்டும் மிஞ்சும். அது இனிப்பாகக்கூட இருக்காது, பல்லில் மணல் மாதிரி இருக்கும். இருந்தாலும் கை அடுத்ததுக்குப் போகும். கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. எப்போது கடைசியாகப் பிடித்தது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

டாக்டரின் கேள்விக்கு இது பதில். அவரிடம் சொல்லும் எண்ணமில்லை. டிரெசிங்குக்கும் போகவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

என் கணவர் காஸ்பார் இருந்தவரை நான் நாளுக்கு ஒரு மக்ரூன் சாப்பிட்டேன். கப்பல் ஏஜென்சி ஆபீஸிலிருந்து அவர் நான்கு மணிக்கு டீ குடிக்க வீட்டுக்கு வருவார். அவருக்கு இரண்டு, எனக்கு ஒன்று. இரண்டாவது ஒன்றை நான் தொட்டதில்லை, அவர் நீட்டினாலும். அவர் போன பிறகு டீயைத் தனியாகக் குடித்தேன். அவருடைய இரண்டையும் வீணாக்குவானேன் என்று தொடங்கியது. இதில் உருகுவதற்கு ஒன்றுமில்லை. பீரோவில் அவர் சட்டைகளை யாருக்கோ கொடுத்துவிட்டேன். இதையும் கொடுத்திருக்கலாம்.

விரல் ஓரம் கறுப்பாகத் தெரிகிறது. வெளிச்சம் போதாததால் அப்படித் தெரியலாம்.

மார்ச் 20, வெள்ளி

போனேன். டாக்டர் மெஹ்ருன்னிசா, "வியாழன்னு சொன்னது போன வாரம்" என்றார். நாளை அவர்களுக்குப் பெருநாள். கையில் மருதாணி வைக்கப் போக வேண்டும் போல, நர்ஸ்கள் அவசரப்படுத்தினார்கள். அவர் அவசரப்படவில்லை. காய்ந்த தோலைக் கத்தரித்தார். வாடை அறையை நிரப்பியது. ஒரு நர்ஸ் ஜன்னலைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கலாம். சுகர் எறங்குனா விரலக் காப்பாத்தலாம். எறங்கலைன்னா சர்ஜன்கிட்டப் போகணும். விரலோட நிக்குமான்னும் சொல்ல முடியாது, பாதம் வரைக்கும் போகலாம். நாலு மணிக்கு வேற எதாவது பண்ணிப் பாருங்கம்மா. பழக்கத்த வெட்ட முடியாது. மேல வேற ஒண்ணப் போட்டு மூடத்தான் முடியும்."

"எதைப் போடுவது?"

"அது உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா? மருத்துவரிடம் போனால் மருந்தின் பெயர் சொல்ல வேண்டும். போகிற போக்கில் அவருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்லவும் மறந்துவிட்டேன். அது மட்டும் உறுத்துகிறது.

மார்ச் 21, சனி

ஜெபமாலை சொன்னேன். மணி நகர்ந்தது, மனம் நகரவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

நான்கு மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்தேன். வாயில் எச்சில் ஊறி வழிந்தது, நாய்க்கு ஊறுவது போல. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன். டாக்டர் மிருகம் என்று சொன்னது பொய்யில்லை. ஆனாலும் இறங்கி வரும்போது மணி ஐந்தாகியிருந்தது. ஒன்றும் சாப்பிடவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

மாடிக்குப் போனேன். நேற்றும் போனேன்.

மார்ச் 26, வியாழன்

மாடிப்படியில் கால் வழுக்கியது. இனி மாடிக்குப் போகக்கூடாது. பார்சல் ஆட்டோ வந்தது. போனில் சொன்னால் பெட்டியை இப்போது வீட்டுக்கே கொண்டுவருகிறார்கள்.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

பவனிக்குப் போகவில்லை. ஜெசிந்தா ஓலைச் சிலுவையோடு வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நல்ல சேதி கொண்டுவந்திருக்கேன். பெரிய வியாழன் பாதம் கழுவுற சடங்குக்குப் பன்னிரண்டு பேர்ல இந்த வருஷம் பொம்பளைகளும் உண்டு. ஃபாதர் மொதல்ல ஒங்க பேரத்தான் சொன்னாங்க. நோன்புக்கு ஒரு எடுத்துக்காட்டா இருக்கட்டும்னு."

"என் கால் சரியில்லை."

"யாருக்கு ஆன்ட்டி கால் சரியா இருக்கு? போன வருஷம் மிக்கேல் அண்ணன் கால்ல நகமே இல்ல. வலது காலு மட்டும்தான், ஒரு சொம்புத் தண்ணி, தொடச்சி விட்டுருவாங்க. ஒங்களுக்கு இந்தப் பெருமை வேணும் ஆன்ட்டி. ஒங்களப் பத்திப் பொறாமையில பேசுறவங்க வாயையும் அடைக்கணும்ல."

"என்ன பேசுகிறார்கள்?"

"அத விடுங்க" என்றாள். பிறகு விடாமல் சொன்னாள். பழைய துறைமுகத்துக் கடைக்காரர் தன் தங்கை வீட்டில், கொரைரா அம்மா வாரத்துக்கு எத்தனை பெட்டி வாங்குகிறார் தெரியுமா என்று சொன்னாராம். "நான் அவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டேன், அது மகளுக்கு அனுப்புறதுன்னு."

அவள் வைத்த நம்பிக்கை என் மேல் ஒட்டிக்கொண்டது, ஈரமாக, துடைக்க முடியாமல். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

ஃபாதர் ததேயுவுக்குப் போன் செய்து, வலது காலில் சின்னக் காயம், இடது காலைக் கழுவலாமா என்று கேட்டேன். "தாராளமாம்மா, ஆண்டவர் வலது இடது பாக்க மாட்டார்" என்றார். வலது காலுக்குப் புதுச் சாக்ஸ், உள்ளே பஞ்சு, அதற்கு மேல் கொஞ்சம் யூடிகொலோன் வாசனைத் தண்ணீர். ஏற்பாடு கச்சிதமாக இருக்கிறது.

டாக்டரின் இரண்டு வாரம் முடியப்போகிறது. வெள்ளிக்கிழமை அவர்களுக்கும் விடுமுறையாக இருக்கலாம். திங்கள் போகலாம்.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பன்னிரண்டு நாற்காலிகள் பீடத்துக்கு முன்னால். எனக்கு ஐந்தாவது. பக்கத்தில் மிக்கேல், மீன்பிடி விசைப்படகு வைத்திருக்கிறவர், பெரிய உடம்பு. பூசை தொடங்கிச் சற்று நேரத்தில் அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைப்பது போல் பிடித்தார். பிறகு எடுக்கவே இல்லை. வாழ்நாள் முழுக்க மீனோடு இருக்கிற மனிதர்.

யூடிகொலோன் வாடையை மறைக்கவில்லை. அதோடு கலந்து இன்னும் மோசமாக ஆக்கியிருந்தது. எனக்கும் அது வந்தது, சாம்பிராணியைத் தாண்டி. பஞ்சையும் தாண்டிச் சாக்ஸில் ஈரம் பரவுவதை உணரவில்லை, குனிந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஃபாதர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார். என் முன்னால் மண்டியிட்டார். இடது காலைத் தாம்பாளத்துக்கு மேல் நீட்டினேன். தண்ணீர் ஊற்றினார். அவருடைய நாசி விரிந்தது. பெரிய குடும்பத்துப் பையன், நாகரிகம் தெரிந்தவர், முகத்தை அசைக்காமல் மூச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். அந்த நிறுத்திய மூச்சை எனக்குத் தெரியும். குப்பை வாளியிலிருந்து எடுத்ததை நான் அப்படித்தான் தின்றேன்.

அவர் துண்டால் இடது பாதத்தைத் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துக்காட்டு. விரலை விட, எறும்பை விட, மீன் செதிலை விட, அந்த முத்தம் பட்ட சுத்தமான இடது கால்தான் அதிக அசுத்தமாக இருந்தது.

நான் குனிந்து வலது சாக்ஸைக் கழற்றினேன். பஞ்சு ஒட்டிக்கொண்டு வந்தது. மிக்கேல், "யேசுவே" என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒருசந்தியால் வந்ததில்லை, ஃபாதர்" என்றேன். பீட மைக் கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது, ஆனால் கோயிலில் சத்தமில்லை. "மக்ரூன். தினமும். தவக்காலத்திலும். அன்றைக்குச் சீனி குறையவில்லை, ஏறியிருந்தது. நான் திருத்தவில்லை."

ஃபாதர் ததேயு விரலைப் பார்த்தார். இப்போது அவர் மூச்சை விட்டுவிட்டார், முகமும் மாறிவிட்டது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. சொம்பைக் கீழே வைத்தார்.

"இதுல தண்ணி படக்கூடாதும்மா" என்றார். பிறகு பின்னால் திரும்பி, "யாராவது வண்டி எடுங்க."

மிக்கேல்தான் எழுந்தார். ஜெசிந்தா என் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி. டெல்பின் விடியற்காலை ரயிலில் வந்து இறங்கினாள். ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படித்தாள். ஜெசிந்தா போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போல. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என் பேரச் சொல்லியா மம்மி வாங்கினீங்க?"

"ஆமாம்."

"எத்தன வருஷமா?"

"அப்பா போனதிலிருந்து."

"கடைக்காரங்கல்லாம் என்னப் பாத்தா, ஒங்க பிள்ளைங்க இவ்வளவு மக்ரூனா சாப்பிடுதாங்கன்னு கேப்பாங்க மம்மி." சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நான் என்ன பதில் சொல்றது?"

"உண்மையைச் சொல்" என்றேன். "எனக்கு ஆகாததைப் பற்றி ஒருமுறை ஊரில் சொல்லியாகிவிட்டது. இரண்டாவது முறை எளிது."

நாளை அறுவை. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பாஸ்கா ஞாயிறு இங்கேயே கழிந்தது. சர்ஜன் கட்டைப் பிரித்துக் காட்டினார். காயம் சுத்தமாக இருக்கிறதாம், பாதம் தப்பிவிட்டதாம். நான் பார்த்தேன். இரண்டு விரல் இல்லாத கால் என்னுடையது என்று நம்ப நேரம் பிடித்தது. வாடை இல்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன். வயிறு நிறைந்திருந்தது. வராந்தாவில் டீ வண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. வாய் ஊறியது. கை படுக்கையின் பக்கத்து மேசை டிராயரை இழுத்துவிட்டது. உள்ளே பஞ்சும் கத்தரிக்கோலும்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே மணி தெரிந்தது.

விரல்கள் போய்விட்டன. நான்கு மணி போகவில்லை.

டெல்பினை வெளியே அனுப்பிவிட்டுக் கடிதம் எழுதினேன். பிரதி எடுத்து வைப்பது என் வழக்கம்.

அன்புள்ள டாக்டர் மெஹ்ருன்னிசா அவர்களுக்கு,

முதலில், பெருநாள் வாழ்த்துகள். தாமதத்துக்கு வருந்துகிறேன்.

ரசாயனம் என்று நீங்கள் சொன்னதைச் சாக்கு என்றேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். பாவம் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. இரண்டும் ஒரே அறையில் இருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. எனக்கு அது பிடிக்குமா என்று கேட்டீர்கள். பிடிக்காது. பல வருஷமாகப் பிடிக்கவில்லை. குப்பையிலிருந்து எடுத்துத் தின்றிருக்கிறேன்.

பழக்கத்தின் மேல் வேறொன்றைப் போட்டு மூட வேண்டும் என்றீர்கள். என்ன போடுவது என்று எனக்குத்தான் தெரியும் என்றீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஜெபமாலை உதவவில்லை. மாடிப்படி ஏற இனி முடியாது. அடுத்த வாரம் வீட்டுக்குப் போகிறேன். மகளும் ஊருக்குத் திரும்பிவிடுவாள். அங்கே டீ, மேசை, இரண்டு நாற்காலி எல்லாம் அப்படியே இருக்கும்.

நான்கு மணிக்கு நான் என்ன செய்ய வேண்டும்? எங்கே உட்கார வேண்டும், கையில் எதை எடுக்க வேண்டும், எத்தனை மணி வரை, யாரை வரச் சொல்ல வேண்டும், வீட்டில் எந்தப் பொருளை அகற்ற வேண்டும்? ஒருசந்தியைப் பற்றியும் சொல்லுங்கள். அடுத்த வருஷம் வரைக்கும் இருந்தால், என்ன சாப்பிட்டு எப்படி இருக்கலாம்?

நேரில் சொல்ல வேண்டாம். காதால் கேட்டதை நான் என் வசதிக்குத் திருத்திக்கொள்வேன். எழுத்தில் இருந்தால் முடியாது. தயவுசெய்து எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
எர்மலின் கொரைரா